வெள்ளை அணுக்களை நம்பிய மூன்று மாதம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவில் செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் நான் டிரெசராக, அதாவது டாக்டரின் உதவியாளாக, இருந்தேன். டாக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல், பாம்புக்கடி, பிரசவம் எல்லாம் என் தலையில். 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தில் என்னைக் கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். அங்கே ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது; அதில் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற திமிர் எனக்கு.

என் அக்கா அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள், ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் இறக்கும் வேலை. புருஷனை இழந்தவள். எங்களுக்கு ஒருவரை விட்டால் ஒருவர், இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. மரம் வெட்டும் பெண்களுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். அதனால் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பேர் கொடுத்ததுமே வெற்றிலை புகையிலையை ஒரு கன்னத்தில் அதக்கிக்கொள்வார்கள். பால் நிறுக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். அக்காவுக்கு அந்த இடத்தில்தான் புண் வந்தது.

"சுண்ணாம்பு கூடிப்போச்சு, வெந்துருச்சு," என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். மருந்து தடவினேன், கொப்பளிக்கக் கொடுத்தேன். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. விளிம்பு தடித்துக்கொண்டு வந்தது. இது வேறெதுவோ என்று பயந்தேன்.

விரலில் குத்தி இரத்தம் எடுத்து, கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு வெள்ளை அணுக்களை எண்ணினேன். ஏழெட்டாயிரம் இருக்க வேண்டியது, பதினாலாயிரம் இருந்தது. சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். அதே கணக்குதான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. வெள்ளை அணுக்கள் உடம்பின் காவல் என்று பயிற்சியில் படித்திருந்தேன். காவல் இரண்டு மடங்காகியிருக்கிறது, அப்படியானால் இது வெறும் சீழ்ப்புண், உடம்பு அதை ஜெயித்துவிடும். இப்படி நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அக்காவே கேட்டாள்.

"தம்பி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதித் தாயேன். ஜொகூர் பாருல ஒருதடவ காட்டிட்டு வந்துர்றேன்."

டிரெசர் சீட்டு இல்லாமல் வேலையாள் யாரும் வெளியே ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. சொந்த அக்காவுக்கு எழுதினால் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்ன நினைப்பார், ஆட்களை மேய்க்கும் கங்காணி என்ன பேசுவார் என்று பயந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. அணுக்களின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"ரத்தம் நல்லா இருக்குக்கா. வெள்ளை அணு கூடிக்கிட்டே போவுது. ஒண்ணும் ஆகாது."

"நீ சொன்னா சரி," என்று வேலைக்குப் போய்விட்டாள்.

வாரம் தவறாமல் எண்ணினேன். பதினைந்தாயிரம், பதினேழாயிரம். எண்ணிக்கை ஏறியது, அவளோ சோற்றை விட்டுக் கஞ்சிக்கு வந்திருந்தாள். வாயைத் திறக்கவே சிரமப்பட்டாள். இதற்குள் டாக்டர் இரண்டு முறை வந்துபோனார். அப்போதெல்லாம் அக்கா மரம் வெட்டப் போயிருந்தாள், நான் ஆளனுப்பிக் கூப்பிடவில்லை. ஒரு வாய்ப்புண்ணை ஆற்றத் தெரியாதவன் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற வெட்கம். நெஞ்சில் திகில் இருந்தது, ஆனால் வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்றாம் மாதம் டாக்டர் வந்த அன்று அவள் வேலைக்குப் போகாமல் தானே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார். தாடைக்குக் கீழே அழுத்தினார். முகம் மாறிவிட்டது.

"எப்ப தொடக்கம் இந்தப் புண்? ஏன் முதலே எனக்குக் காட்டேல்லை?"

நான் எண்ணிக்கை எழுதிய நோட்டை நீட்டினேன்.

"வெள்ளை அணு கூடினா சுகம் எண்டு ஆர் உமக்குச் சொன்னது? இது புற்று. புற்றைச் சுத்தியும் உதுகள் வந்து குவியும். வீடு எரியேக்க ஊர்ச்சனம் கூடுது, அதுக்காக நெருப்பு அணைஞ்சு போச்சு எண்டு சொல்லுவீரோ?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அணுக்கள் குவியிற அந்த வீக்கத்தாலயே புற்று இன்னும் வளருது எண்டும் சிலபேர் சொல்லுகினம். ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது."

சீட்டை அவரே எழுதினார். மறுநாள் ரயிலில் அக்காவை ஜொகூர் பாருவுக்குக் கூட்டிப்போனேன். கழுத்துக்கு இறங்கிவிட்டது என்றார்கள் அங்கே. தாடையை வெட்டியெடுத்தால் பிழைக்கலாம், அறுவை மேசையிலேயே உயிர் போகவும் செய்யலாம், வெட்டாவிட்டால் வாய் அடைத்துப் பட்டினிச் சாவுதான். சம்மதத் தாளையும் மைப்பெட்டியையும் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ என்ன சொல்ற, தம்பி?"

அவ்வளவுக்குப் பிறகும் என்னைத்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியலக்கா."

அவள் கோபப்படவில்லை. பாதி திறந்த வாயால் மெதுவாகச் சொன்னாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, ஒன்னோட சண்ட போட்டாவது சீட்டு வாங்கியிருப்பேன்ல."

பெருவிரலை மையில் அழுத்தி, தாளில் தானே வைத்தாள். அறுவை நடந்த பதினோராம் நாள் போய்விட்டாள்.