இடது தோளுக்கு மேலாக வந்த பந்துகள்

நடந்தது இதுதான்:

1. தொண்ணூறுகளின் நடுவில் தம்பி பல்கலைக்கழகக் கனடியக் கால்பந்து அணியில் இரண்டு பருவம் ஆடினான். எதிரணி உயர உதைத்துவிடும் பந்தைக் கையால் பிடித்து, அவர்களை ஊடறுத்து ஓடுவது அவன் வேலை.
2. ஒவ்வொரு உதையிலும் பந்து காற்றில் நின்ற நேரத்தை நான் ஸ்டாப்வாட்சில் அளந்து, அவன் பிடித்தானா விட்டானா என்பதோடு கொப்பியில் எழுதினேன்.
3. பயிற்சியாளர் அந்தக் கொப்பியைக் கேட்டார். கொடுத்தேன்.

அவனை இன்னும் நன்றாகப் பழக்குவதற்கு என்றுதான் கேட்டார். பொறியியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெருமையாக இருந்தது. அவன் தவறவிட்ட ஐந்து பந்துகளும் இடது தோளுக்கு மேலாக வந்தவை. அவற்றைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, "இதைப் பழக வேண்டும்" என்று எழுதியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை தம்பியின் இடத்தில் வேறொருவன் நின்றான். ரூஜில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் தம்பி வாய் திறந்தான்.

"கூப்பிட்டு உன்ர கொப்பியைத்தான் காட்டினவர். நீயோ அக்கா குடுத்தனி?"

"ஓம். உன்னைப் பழக்கத்தான் எண்டு சொன்னவரடா."

"பழக்கிப்போட்டார். இப்ப நல்லா பெஞ்சில இருக்கிறன்."

திங்கட்கிழமை பயிற்சியாளரிடம் போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கொப்பி அவர் மேசையில் திறந்து கிடந்தது. முடிவெடுக்க மிகவும் உதவியது என்று எனக்கு நன்றி சொன்னார்.

தம்பி அதற்குப் பிறகு ஒரு பந்தும் பிடிக்கவில்லை. அந்தப் பருவம் முடிந்ததும் அணியை விட்டான். கொப்பி திரும்பி வரவில்லை. அவன் என்னோடு எல்லாம் பேசுகிறான், ஆட்டத்தைத் தவிர.