கூடம் நிறைய ஈர நெல்

எழுந்திரு என்று என்னைச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. போதும், சித்த நேரம் படு என்று சொல்லவும் ஆள் இல்லை. கல்யாணமாகிக் குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்துக்கு வந்தபோது இதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மாமியார் இல்லாத வீடு, கொடுத்து வைத்தவள் என்றுதான் எங்கள் ஊரில் பேசிக்கொண்டார்கள். என்னோடு நாலாம் வகுப்பு வரை படித்த ஒருத்தி, "ஒனக்கென்ன, அங்க நீ வச்சதுதான் சட்டம்" என்றாள்.

என் வீட்டுக்காரர் போலீஸில் சேர்ந்து ராமநாதபுரம் பக்கம் போய்விட்டார். குடியிருக்க இடம் கிடைத்ததும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் மாமனாரும் நானும்தான். மாமனாருக்குக் காது மந்தம். உரக்கச் சொன்னால்தான் விளங்கும். எனக்கோ உரக்கப் பேச வராது. மெல்லப் பேசுவதற்கே கூச்சம். அதனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாள் கணக்காக ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறோம். காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு வயலுக்குப் போவார். மத்தியானம் சாப்பிட வருவார். சாயங்காலம் கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டு இருட்டியதும் வருவார். அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் என்னுடையது.

அந்த நேரத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அரிசி புடைக்கச் சுளகை எடுப்பேன். எடுத்து மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். வெயில் நடையிலிருந்து கூடத்துக்கு வந்து, கூடத்திலிருந்து சுவர் ஏறிப் போய்விடும். சுளகில் அரிசி அப்படியே இருக்கும். சும்மா இருந்தேன் என்றாலும் அது ஓய்வாக இருக்காது. படுத்தால் திருடி போல இருக்கும். மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் விழுந்தடித்து எழுந்து விளக்குமாற்றை எடுப்பேன். அவர் என்னைப் பார்க்கக்கூட மாட்டார். சொம்பில் தண்ணீர் மோந்து காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். நான் யாருக்குப் பயந்து கூட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இப்படி இரண்டு மூன்று நாள் போனால், பிறகு ஒரு நாள் பேய் பிடித்த மாதிரி வேலை செய்வேன். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்குவேன். பரணில் இருப்பதையெல்லாம் இறக்கித் துடைத்து ஏற்றுவேன். விரலெல்லாம் வெடித்துவிடும். அடுத்த நாள் மறுபடி சுளகும் மடியும்தான்.

அந்த வருஷம் பங்குனியில் அறுத்த பிசான நெல் நன்றாக விளைந்திருந்தது. அதை அவித்துக் காயவைத்துக் குத்தி வைக்க வேண்டும். எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காடு. அங்கே தினம் கம்மங்கஞ்சியும் சோளச்சோறும்தான். நல்ல நாள் பெரிய நாளுக்குத்தான் நெல்லுச்சோறு. அண்டா வைத்து நெல் அவிப்பதை நான் கண்டதுகூட இல்லை. தெரியாத வேலை. யாரிடம் கேட்பது என்றும் கூச்சம். நாளைக்குச் செய்வோம், நாளைக்குச் செய்வோம் என்று சித்திரை போயிற்று. வைகாசியும் பாதி போயிற்று.

அடுத்த வீட்டுக்காரி முறைக்கு எனக்கு மதினி. என் வீட்டுக்காரரைத் தம்பி என்று கூப்பிடுவாள். நல்ல உயரம், வாயில் எப்போதும் வெற்றிலை. ஒரு நாள் கொல்லைச் சுவருக்கு மேலே தலை தெரிந்தது.

"ஏளா, காத்து மாறிட்டு பார்த்தியா? சாரல் வந்துரும். நெல்ல அவிச்சியா?"

"அவிக்கணும் மதினி."

"அவிக்கணும்னா? எப்ப? ஆவணியிலயா?"

நான் வானத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர் வானம் மாதிரிதான் இருந்தது, ஒரு பொட்டு மேகம் இல்லை. எங்கள் பக்கத்தில் காலையில் வானம் வெளுத்திருந்தால் சாயங்காலம் வரை வெளுத்துத்தான் இருக்கும். இவள் சும்மா பயமுறுத்துகிறாள் என்று நினைத்தேன்.

ஆனி பிறந்த பிறகு ஒரு நாள் மேகம் இறங்கி, மேற்கே மலை உச்சி தெரியவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. பயம் வந்ததும் பேயும் வந்துவிட்டது. இருந்த நெல்லையெல்லாம் ஊறப்போட்டேன். மறுநாள் விடிந்ததிலிருந்து அண்டா அண்டாவாக அவித்து அவித்துத் தட்டினேன். முற்றம் நிறைந்தது. வெயிலும் நன்றாகத்தான் அடித்தது. இத்தனை நாள் சோம்பலுக்கும் சேர்த்து ஒரே நாளில் முடித்துவிட்டேன் என்று, கரி பிடித்த கையோடு நின்று ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தேன்.

மத்தியானத்துக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டு இருக்கும்போதே முகத்தில் ஊசி குத்தின மாதிரி இருந்தது. சாரல். வெயிலும் போகவில்லை, தூறலும் நிற்கவில்லை. எங்கள் ஊரில் மழை என்றால் வரும், கொட்டும், போய்விடும். இப்படி வந்து குடியிருக்கும் மழையை நான் அறிய மாட்டேன். நெல்லை அள்ளி அள்ளிக் கூடத்தில் கொட்டினேன். நடையிலும் கொட்டினேன். இந்த ஊர்க்காரிகள் சாரல் நாளில் ஒரு பாய்க்குக் காணும் அளவு நெல்லைத்தான் அவிப்பார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதிலிருந்து நெல்லைக் காவல் காப்பதே என் வேலையாயிற்று. ஈர நெல்லை ஒரே இடத்தில் விட்டால் சூடேறிப் புழுங்கி நாறிவிடும். காலால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு விள்ளல் வெயில் வந்தால் வெளியே அள்ளிப் பரப்புவேன். பரப்பி முடிக்குமுன் தூறும். உள்ளே அள்ளுவேன். ராத்திரியும் எழுந்து எழுந்து கிளறுவேன்.

சாரல் வந்துவிட்டால் எங்கள் தெருப் பெண்கள் விடியுமுன்னே சேர்ந்து குற்றாலத்துக்கு நடந்து போய்ப் பேரருவியில் குளித்துவிட்டு வருவார்கள். வெளியூர்க் கூட்டம் வருமுன் குளித்தாக வேண்டும். போகிற வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். எனக்கு அதிலேயே நினைப்பு. அருவியை விட, அந்தக் கூட்டத்தோடு பேசிச் சிரித்துக்கொண்டு நடந்து போக வேண்டும் என்று ஆசை. அந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் யாரோடும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை.

முதல் நாள் மதினி வாசலில் நின்று, "ஏளா, வாறியா?" என்றாள்.

"நெல்லு கெடக்கு மதினி. நாளைக்கு வாரேன்."

மறுநாளும் கூப்பிட்டாள். "நாளைக்கு வாரேன்" என்றேன். அதற்கு மறுநாளும் அப்படியே. பின்னாலிருந்து ஒருத்தி, "அவ கூடத்துலயே அருவி விழுதாம், அதான் வர மாட்டேங்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். அதற்கப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வாசலில் கால் சத்தம் வரும், என் வீட்டுக்கு நேரே வந்ததும் நிற்காமல் போகும். நான் நெல்லுக்கு நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாளாவது நெல்லை எப்படியோ போ என்று விட்டுவிட்டுக் கதவைத் திறந்தால் என்ன? வேலையைக் கிடப்பில் போட்டவள்தானே நான். இப்போது வேலை செய்ய வேண்டிய நேரத்தில் குளிக்கப் போவதாவது என்று காலைக் கட்டிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் மாமனார் சாப்பிட உட்கார்ந்தார். அந்த நெல்லில் கொஞ்சம் அரையுங்குறையுமாகக் காய்ந்ததைக் குத்திச் சோறாக்கியிருந்தேன். முதல் கவளத்தை முகர்ந்து பார்த்தார். எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார். செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார். காது கேளாதவர் இல்லையா, அவர் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும்.

"ஏளா! எங்க வீட்டுப் பிள்ளைக்குக் கை ஒழியல! நெல்லு நாறுது! வந்து அள்ளிட்டுப் போங்க!"

நான் அடுக்களைச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மதினியும் நாலைந்து பெண்களும் ஓலைக் கடகப்பெட்டியோடு வந்துவிட்டார்கள்.

"என்னளா இது, நெல்ல அவிச்சியா, கூடத்துல நாத்துப் பாவினியா?"

"இன்னும் ரெண்டு நாள் போனா அறுத்திரலாம்."

"மொதல்லயே ஒரு வார்த்த சொன்னா என்ன? வாய்க்குள்ள முத்தா உதிர்ந்திரும்?"

சாரலில் நெல் மாட்டிக்கொண்டால் அடுப்புச் சூட்டைப் பங்கு போட்டுக்கொள்வது அந்தத் தெருவில் வழக்கமாம். ஒரு வீட்டு அடுப்பங்கரை ஒரு கடகம் நெல்லைத்தான் காயவைக்கும். ஆளுக்கு ஒரு கடகம் கொண்டுபோய், கயிற்றுக் கட்டிலில் பாய் விரித்துப் பரப்பி, அடியில் கங்குச் சட்டி வைத்து உலர்த்திக் கொடுப்பார்கள். இன்றைக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு. கேட்டால் போதும். கேட்கிறதுதான் என்னால் முடியாத காரியம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

போகும்போது மதினி திரும்பி, "விடியக்காலம் கூப்பிடுதேன். நாளைக்குன்னு மட்டும் சொல்லிப் பாரு, அம்புட்டையும் திருப்பிக் கொண்டாந்து ஒன் தலையிலயே கொட்டுதேன்" என்றாள்.

கூடம் வெறிச்சென்று ஆகிவிட்டது. மாற்றுச் சேலையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். கிளறுவதற்கு ஒன்றும் இல்லை.

கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. தெருவில் சத்தமே இல்லை. சேலையைச் சுருட்டிக்கொண்டு, தலையைக்கூட முடிந்துகொள்ளாமல் குற்றாலம் ரோட்டில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். தனியாக அப்படிப் போனதே இல்லை. பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டேன், எதிரே அவர்கள் ஈரத்தலையோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏளா, எங்க போற?"

"கடைக்கு" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"கடை கெழக்கல்லா இருக்கு! நீ மேக்க பார்த்து ஓடுத!"

ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து எல்லோரும் சிரித்தார்கள். மதினி மட்டும் என் கையிலிருந்த சேலையைப் பார்த்தாள். "கூப்பிடாம போவேனா? சன்னல் வழியாப் பார்த்தேன், வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குத. எத்தன ராத்திரி முழிச்சாளோ, தூங்கட்டும்னு வந்துட்டோம்."

நல்லதுக்குத்தான் செய்திருக்கிறாள். ஆனாலும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அதைப் பார்க்காதது போலத் தன் கூந்தலை முன்னால் போட்டுப் பிழிந்து என் தலைமேல் உதறினாள். "இந்தா, ஒன் பங்கு." சில்லென்று இருந்தது. அவர்களோடு திரும்பி நடந்தேன்.

வீட்டு வாசலில் மாமனார் நின்றார். என் காய்ந்த தலையையும் கையிலிருந்த காய்ந்த சேலையையும் பார்த்தார்.

"குளிக்கலியாம்மா?"

"நாளைக்கு, மாமா!" என்றேன். அவருக்குக் கேட்கிற மாதிரி. என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே பாதி நெல் காய்ந்து வந்துவிட்டது. ஒவ்வொரு கடகத்திலும் ஒவ்வொரு வீட்டுப் புகை வாசனை. அதை உரலுக்குப் பக்கத்தில் குவித்து வைத்தேன். காய்ந்த சூட்டோடு குத்தினால்தான் நன்றாக இருக்கும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் இருட்டோடு, தடிக்கம்பால் நிலையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"யம்மா, எந்திரி. அவளுவ வந்துட்டாளுவ."

எழுந்தேன். உரலைப் பார்த்தேன். "நெல்லு குத்தணுமே மாமா" என்றேன், பழையபடி மெல்ல. அவருக்குக் கேட்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைத் தாண்டி வெளியே இறங்கினேன்.

பேரருவிக்குக் கீழே போய் நின்றதும் மூச்சு முட்டியது. பிறகு சரியாயிற்று. பக்கத்தில் நின்ற மதினி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருடைய வாயும் அசைந்தது, எல்லோரும் சிரித்தார்கள். நான் நடுவில் நின்றுகொண்டு, மாமனாருக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். அத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் அப்படி நினைத்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்தபோது அவர் பழையதைத் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நெல் குவித்தபடியே கிடந்தது. நான் அவருக்கு எதிரில், வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, தலையை விரித்துக் காயவைத்தேன். அவர் எழுந்து வயலுக்குப் போகும்வரை விளக்குமாற்றை எடுக்கவில்லை.