காலி லாரி நன்றாகத்தான் ஓடியது

பிள்ளைகளே, நான் தங்கவயலில் ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டுகிறேன். சொந்தமாகத் தொழில் தொடங்கலாமா என்று விலைக்கு வந்த பழைய லாரி ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஓடியது. முன்பணம் கொடுக்கக் கிளம்பினேன்.

“சைக்கிள் வாங்கனாகூட பின்னால ஒருத்தர ஒக்கார வெச்சி மிதிச்சிப் பாப்பாங்க. நீங்க இன்னா, காலி லாரிய ஓட்டிட்டு வந்து சிரிக்கிறீங்க?” என்றாள் என் மனைவி.

மறுநாள் பக்கத்து ஊரான பேத்தமங்களாவில், அதே லாரியில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றி ஓட்டினேன். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, உழுத வயலுக்குள் திருப்பித்தான் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன்.

“தக்காளி நசுங்கிடுச்சா?” என்றாள்.

“நான் நசுங்கல” என்றேன்.

சொந்த லாரி ஆசை இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் விற்பவரிடம், “லோடு ஏத்திப் பாக்கலாமா?” என்றுதான் முதலில் கேட்கிறேன். அவர் தயங்கினால், டீயைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிவிடுவேன்.