முன் சீட்டின் முதுகில் கணக்கு

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் போகும் காலை பஸ்ஸில் அந்தக் கணக்கு டீச்சர் என் பக்கத்தில் உட்காருவார். ஒல்லியான உடம்பு, தூக்கம் போதாத கண்கள். காதில் போனை இடுக்கிக்கொண்டு யாருக்கோ அல்ஜீப்ரா சொல்லிக்கொடுப்பார். சொல்லச் சொல்ல, முன் சீட்டின் முதுகில் விரலால் எழுதுவார். எதிர்முனையில் இருப்பவருக்கு அது தெரியாது என்ற நினைப்பே இருக்காது.

“டியூஷனா டீச்சர்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எம் பொண்ணுக்குத்தாங்க, பத்தாவது படிக்கிறா. நான் கெளம்புறப்ப தூங்கிக்கிட்டு இருப்பா. எங்க ஊரு ஸ்கூல்ல கணக்குக்கு ஆள் இல்லை.”

“அங்கிட்டே மாறுதல் வாங்கிரலாமே?”

“வாங்கலாங்க. அப்புறம் இங்கிட்டு யாரு இருக்கா? புதுசா ஆள் போட்டாத்தான் இந்தக் கொறை தீரும்.” விரல் இன்னும் சீட்டின் மேலேயே இருந்தது. “எம் பொண்ணுக்காச்சும் நான் போன் போட்டுச் சொல்லிருவேன். இந்தப் பிள்ளைங்களுக்கு யாரு போடுவா?”

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அவரைக் காணவில்லை. மாறுதல் கிடைத்துச் சொந்த ஊருக்கே போய்விட்டாராம், கண்டக்டர் சொன்னார். அந்த மகளை நினைத்துச் சந்தோஷப்பட்டேன், டீச்சர் இறங்கும் நிறுத்தம் வரும்வரை. அங்கே பள்ளி வாசலில் நின்ற பிள்ளைகள், யாராவது இறங்குகிறார்களா என்று பஸ்ஸின் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.