எங்கெங்கே கால் வைப்பார், சொல்லு

போன செவ்வாய்க்கிழமை காலை, தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது பாபுவின் அழைப்பு வந்தது. "ஆன்ட்டி, அம்மா பூட்டாங்க" என்றான். கன்னியம்மாள் தூக்கத்திலேயே போய்விட்டாள். முந்தின நாள் சாயங்காலம்தான் அவளுடைய வழக்கமான கேள்வி வாட்ஸ்அப்பில் வந்திருந்தது: "இன்னா பெண்டிங் கீது?" ஓய்வு பெற்ற பிறகும் அவளுக்கு அதுதான் வணக்கம். ஒன்றும் இல்லை என்று பதில் போட்டேன். "பொய் சொல்லாதடி, பல் டாக்டரைப் பாத்தியா?" என்று கேட்டாள். பார்க்கவில்லைதான். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அம்பத்தூர் அலுவலகத்தில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஆராய்ச்சியாளர்களும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஒரு வேலை செய்வதென்றால், நடுவில் ஓர் அரசுப் பிரிவு உட்கார்ந்து வருகிறவர்களுக்கு அனுமதி வாங்க வேண்டும், கருவிகளைச் சுங்கத்திலிருந்து மீட்க வேண்டும், கூட்டக் குறிப்பில் இரு தரப்பும் பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் போடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிரிவுதான் நாங்கள். விஞ்ஞானம் அவர்களுடையது, அலைச்சல் எங்களுடையது.

நானும் அவளும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பாவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவள் நூம்பலில் பிறந்து, நூம்பலிலேயே கல்யாணமாகி, தினமும் பஸ் மாறி மாறி வந்தவள். தில்லியோடு பேசும்போது அவள் ஆங்கிலத்தில் ஒரு பிசிறு இருக்காது. போனை வைத்ததும், "சரசு, இந்தாளு நம்மள கொயப்புறான்டி" என்பாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெளிநாட்டு விருந்தினர்களுக்கான அனுமதியில் அவர்கள் போகப்போகும் இடங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத இடத்துக்கு அவர்களை அழைத்துப் போக முடியாது. அதனால் கடிதம் கிளம்புவதற்கு முன் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். "அந்தாளு காலைல பல்லு வெளக்கறதுலேர்ந்து ராத்திரி படுக்கற வரிக்கும் எங்கெங்க கால் வெப்பாரு, சொல்லு." நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் பட்டியலில் விரல் வைத்துக்கொண்டே வருவாள். ஒரு தடவை மூன்று ஜப்பானியர்களுக்கு மதியச் சாப்பாடு எங்கே என்று நான் சொல்லாமல் தாண்டிவிட்டேன். "பட்டினி போட்டா ஒப்பந்தம் எப்டிடி நடக்கும்?" என்று என்னை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தாள்.

அவள் ஒரு வாரம் விடுப்பில் இருந்தபோது அந்த வழக்கத்தை நான் விட்டேன். மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்திருந்தாள். ஏரித் தண்ணீரின் தரத்தை நாள் முழுக்க அளக்கும் ஒரு கருவியைப் பொருத்துவதற்காக வட ஐரோப்பாவிலிருந்து எல்சா என்ற பொறியாளர் தலைமையில் நான்கு பேர் வருவதாக இருந்தது. கடிதத்தை நானே அடித்து நானே அனுப்பினேன். யாரிடமும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை. அவர்கள் வந்து இறங்கிய அன்றுதான் அனுமதியைப் பிரித்துப் படித்தேன். அம்பத்தூர் இருந்தது, வேப்பம்பட்டு இருந்தது. கருவிக்காகத் தூண் கட்டி வைத்திருந்த நெமிலிச்சேரி ஏரி மட்டும் இல்லை.

புதிய அனுமதி வர மூன்று வாரமாவது ஆகும். அவர்களுக்கு இருந்தது நான்கு நாள். அதற்குள் கருவி ஓடினால்தான் கூட்டுத் திட்டம் தொடரும், இல்லையென்றால் அதோடு முடிந்தது. அதற்குள் விடுப்பு முடிந்து வந்திருந்த கன்னியம்மாளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "மொதல்ல ஃபைல்ல எய்து" என்றாள். "தப்ப எய்திட்டா அது குறிப்பு. எய்தாம வெச்சிகினாத்தான் தப்பு." இடத்தின் பெயர் என்னால் விடுபட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே, 'பார்த்தேன். மாற்று வழி அடுத்த பக்கத்தில்' என்று எழுதி அவளும் கையெழுத்துப் போட்டாள். அந்த நிமிடம் அடுத்த பக்கத்தில் எழுத அவளிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

பிறகு கோப்பை முன்னும் பின்னும் புரட்டிச் சுங்கத்துறைக் காகிதத்தில் நின்றாள். கருவி போய்ச் சேரும் இடம் என்ற கட்டத்தில் நெமிலிச்சேரி ஏரி என்று தெளிவாக இருந்தது. "ஆளுக்குத்தான்டி பர்மிஷன் இல்ல. மிஷினுக்கு கீது!" என்று மேசையைத் தட்டினாள். கருவி மட்டும் ஏரிக்குப் போகட்டும், ஆட்கள் இங்கிருந்தே வழி சொல்லட்டும் என்று அடுத்த பக்கத்தில் எழுதினாள். மேலதிகாரி அதைப் படித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒப்புதல் தந்தார்.

அப்படித்தான் அது நடந்தது. எல்சாவும் மற்றவர்களும் அம்பத்தூர் அலுவலகத்தில் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நம் தொழில்நுட்ப ஆட்கள் இரண்டு பேர் ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். கன்னியம்மாள் கரையிலிருந்து கைபேசியில் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு, எல்சா ஆங்கிலத்தில் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொன்னாள். "இன்னும் அரை சுத்து முறுக்குன்றாங்க நைனா! போதும், போதும்!" திடீரென்று திரையில் கருவி ஆடி, கரகரவென்று சத்தம் வந்தது. என்ன சத்தம் என்று எல்சா பதறினார். ஓர் எருமை வந்து தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் அது நகரவில்லை. அலுவலகமே சிரித்தது, முதலில் சிரித்தது எல்சாதான்.

மூன்றாம் நாள் அவள் ஏரித் தண்ணீரை நான்கு கேன்களில் பிடித்து ஆட்டோவில் ஏற்றி அம்பத்தூருக்குக் கொண்டுவந்தாள். எல்சா அதைத் தன் கையால் சோதித்தார். கருவி அனுப்பிய அளவும் அவருடைய அளவும் ஒத்துப்போயின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்களே வந்து பொருத்தியிருந்தால் நம் ஆட்கள் வேடிக்கை பார்த்திருப்பார்கள், இப்போது பழுது வந்தாலும் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று எல்சா அறிக்கையில் எழுதினார். திட்டம் தொடர்ந்தது. கூட்டக் குறிப்பில் எருமைத் தடுப்பு வேலி என்று ஓர் அம்சம் சேர்ந்தது. இரண்டு அரசுகளின் சார்பிலும் அந்தப் பக்கத்தில் சுருக்கொப்பம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நான் நூம்பல் போய்ச் சேர்ந்தபோது பாபு வாசலில் வண்டிக்காரரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்து நேராக மெயின் ரோடு, அங்கிருந்து சுடுகாடு. எனக்கு என்ன தோன்றியதோ, அவனைத் தனியே கூப்பிட்டேன். "பாபு, உங்கம்மா வீட்டைவிட்டுக் கிளம்பினா எங்கெங்கே கால் வைப்பா, சொல்லு" என்றேன். அவன் விழித்தான். "பஸ் ஸ்டாப்பு..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். அவன் கண் நிறைந்தது. "இல்ல ஆன்ட்டி. மொதல்ல பெரிம்மா ஊடு."

அடுத்த தெருவில் அவளுடைய அக்கா ஆண்டாள் இருக்கிறார். இடுப்பு உடைந்த பிறகு அவரால் நடக்க முடியாது. வேலைக்குப் போன காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, கன்னியம்மாளின் முதல் காபி அங்கேதான். சாவு வீட்டு அமளியில் அந்த இடம் எல்லோருக்கும் விட்டுப்போயிருந்தது. வண்டியை அந்தத் தெருவுக்குத் திருப்பினார்கள். அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவர் தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டார். "காலைலேர்ந்து காபி வெச்சிகினு குந்திகினுகீறேன். நீ வராம போவமாட்டேன்னு தெரியும்டி" என்றார்.

என் வீட்டில் அரிசி போட்டு வைத்திருக்கும் கேன் அந்த நான்கில் ஒன்று. 'நெமிலிச்சேரி, கிழக்குக் கரை' என்று அவள் எழுதி ஒட்டிய காகிதம் அதில் இன்னும் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். அவளுடைய கேள்வியையும் வைத்துக்கொண்டேன். இன்று காலை காபி குடித்துக்கொண்டே, நான் எங்கெங்கே கால் வைக்கப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பல் டாக்டர், மருந்துக் கடை. அதோடு முடித்துவிடப் பார்த்தேன், அவள் விடவில்லை. முதலிலிருந்து சொன்னேன்: ஆண்டாள் அக்கா வீடு, பல் டாக்டர், மருந்துக் கடை.