மக்னீற்றோவில் மூன்று கோடுகள்

தலைமன்னாரில் படகு எஞ்சின் திருத்துகிற ரொபின்சனிடம் ஒரு பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் இருக்கிறது. வெள்ளைக்காரன் செய்தது, தகப்பன் வாங்கியது. அதன் சத்தத்துக்குத் தன் ஆடுகள் பால் சுரக்காமல் நிற்கின்றன என்பது பக்கத்து வளவு நவரத்தினத்தின் நிரந்தர முறைப்பாடு.

சென்ற வருடம் அந்தச் சைக்கிளுக்கு ஒரு வியாதி வந்தது. காலையில் ஒரே மிதியில் பிடிக்கும். பக்கத்து ஊரான பேசாலை வரை ராசா மாதிரிப் போகும். எஞ்சின் சூடேறியதும் பொசுக்கென்று நின்றுவிடும். பனை நிழலில் ஆறவிட்டால் திரும்பவும் பிடிக்கும். கோளாறு எங்கே என்று ரொபின்சனுக்கு உடனே விளங்கிவிட்டது. மக்னீற்றோ. பற்றரி இல்லாமல் தானே சுழன்று பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கிற சாமான் அது. இரண்டு கைக்குள் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் கம்பிச் சுற்றின் பூச்சு கிழடாகிச் சூட்டில் இளகிக்கொண்டிருந்தது.

லண்டனில் இருக்கும் ஜெகதீபனுக்கு அறிவித்தார். அவன் ரொபின்சனின் மனைவி றோஸ்மேரியின் தம்பி. மச்சான் முறை என்றாலும் சிறு வயதிலிருந்தே இவர் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். அவனிடமிருந்து வட்சப்பில் படங்கள் வந்தன. பற்றரியோடு சேர்ந்து வேலை செய்கிற கொயில் ஒன்று. திறக்கவே தேவையில்லாத எலெக்ட்ரோனிக் பெட்டி ஒன்று. பழையதையே கழற்றிப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற பட்டறையின் படமும் கடைசியில் இருந்தது.

“அத்தான், எலெக்ட்ரோனிக்கைப் போடுங்கோ. ஒரு கரைச்சலும் இல்ல.”

“அது சாகிறதெண்டா சொல்லாமச் சாகும் மச்சான். றோட்டில வச்சுத் திறந்து பாக்கவும் ஏலாது.”

“அப்ப பற்றரிக் கொயில்?”

“இந்த உப்புக் காத்தில கூரை ஆணியே நிக்கிறேல்ல, பற்றரி நிக்குமோ? என்ரயைக் கொண்டுபோய்ச் சுத்து. எனக்கு அதே சாமான்தான் வேணும்.”

அப்படி அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூறில் போருக்குப் பயந்து ஊர் கிளம்பி இந்தியாவுக்குப் படகு ஏறியபோது மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் மடியில் கட்டினார்கள். ரொபின்சன் மக்னீற்றோவைக் கழற்றி எண்ணெய்ச் சீலையில் சுற்றினார். அது இல்லாத சைக்கிளை எவனும் ஓட்டிக்கொண்டு போக முடியாது என்பது அவருடைய புத்தி.

“என்ர தையல் மெஷினை விட்டிட்டு இந்த இரும்பைக் கொண்டாறியளோ?” என்று படகிலேயே றோஸ்மேரி சண்டை பிடித்தாள்.

கடல் கடக்கும்வரை அது ஜெகதீபனின் மடியில் இருந்தது. அலை ஆட்டத்தில் பொடியன் குடல் புரட்டிச் சத்தி எடுத்தபோதும் பிடியை விடவில்லை. அக்கரையில் ஒரு பொலிஸ்காரர் அதை வெடிகுண்டுச் சாமான் என்று நினைத்து இரண்டு பேரையும் வெயிலில் இருத்திவைத்தார்.

மண்டபம் அகதி முகாமில் அதற்குக் குறி போட்டார்கள். ரொபின்சனின் வீட்டில் மிதப்பு, துடுப்பு, எஞ்சின் மூடி எல்லாவற்றிலும் மூன்று நேர்க்கோடு வெட்டியிருக்கும். கடலோடு போன சாமானையும் கண்டெடுத்தவர்கள் அந்தக் குறியைப் பார்த்து வாசலில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். முதல் கோட்டை ரொபின்சன் அராவினார். நடுக்கோடு தனக்குத்தான் என்று ஜெகதீபன் அடம்பிடித்தான். அரம் வழுக்கி, கோடு சரிந்துபோனது. “குடிகாரக் கோடு” என்று றோஸ்மேரி சிரித்தாள். அந்த முகாமில் அவள் சிரித்த முதற் சிரிப்பு அது. சரிந்த கோட்டுக்குப் பக்கத்தில் மூன்றாவதை நேராக அராவி முடித்தார் ரொபின்சன்.

நாட்டில் சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது ஆட்டுக் கொட்டிலுக்குள் சைக்கிள் துருவேறிக் கிடந்தது. யாரும் கொண்டுபோகவில்லை. புத்தி பலித்துவிட்டது.

நத்தார்ப் பெருநாளுக்கு வந்த ஜெகதீபன் போகும்போது மக்னீற்றோவைக் கைப்பையில் கொண்டுபோனான். உயிர்த்த ஞாயிறுக்கு முன்னரே அது புதுக் கம்பி சுற்றிப் பார்சலில் வந்துவிட்டது. நெருப்புப் பொறியை விடுகிற பொயின்ற் திறக்கிற இடத்தைச் சிகரெட் தாள் வைத்துப் பார்த்துப் பூட்டினார் ரொபின்சன். மன்னார் ரவுணுக்குப் போய் நிற்காமல் திரும்பிவந்தார். இறங்குதுறையில் கண்டவர்களிடமெல்லாம் மச்சானின் புகழ்தான். “பெத்த பிள்ளையும் இப்பிடிச் செய்யாது” என்று நவரத்தினத்துக்கே சொன்னார்.

ஒரு கிழமை கழித்து எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெருவிரல் குறியில் பட்டது. விரல் நின்றது. முதற்கோடு நேர். மூன்றாவது நேர். நடுக்கோடும் நேராக இருந்தது. வெட்டுக்குள் இருந்த கறுப்பை நகத்தால் சுரண்டினார். சப்பாத்து பொலிஷ் மணந்தது. கீழே புது வெள்ளையாய் உலோகம் மின்னியது.

கையைத் துடைத்துவிட்டு லண்டனுக்குப் போன் எடுத்தார்.

“சாமான் நல்லா ஓடுது மச்சான்.”

“நான் சொன்னனான்தானே அத்தான்.”

“அது என்ரதானே?”

“உங்கடதான். குறியைப் பாருங்கோவன்.”

“பாத்தனான். குடிகாரக் கோடு எங்க?”

“என்ன கோடு?”

குரலிலேயே ரொபின்சனுக்குத் தெரிந்தது. அவன் நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்துபோயிருந்தான்.

அகப்பட்டது விளங்கியதும் ஜெகதீபனே சொல்லத் தொடங்கினான். “அத்தான், அங்க சுத்தக் குடுத்தா மாதக் கணக்கில காத்திருக்கவேணும். பழசைக் குடுத்தா வேறொண்டை உடன தருவாங்கள். ரெண்டும் ஒரே சாமான்தான். உங்கட மனசுக்காகத்தான் கோட்டைப் போட்டனான்.”

“மாத்தினனான் எண்டு நீ சொல்லியிருந்தா ரெண்டு பேச்சுப் பேசிப்போட்டு விட்டிருப்பன். அரத்தைக் கையில எடுத்துக் கள்ளக் குறி போட்டாயே, அதுதான் பிழை.”

“ஒரு பழைய இரும்புக்கு ஏன் அத்தான் இப்பிடி?”

“அந்த இரும்பை மடியில வச்சிருந்தவன் நீ.”

ரொபின்சன் போனை வைத்தார்.

பின்னேரம் மக்னீற்றோவைக் கழற்றி, மூன்று கோடுகளும் அழியும்வரை அரத்தால் தேய்த்தார். றோஸ்மேரி தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

“தம்பி போன் எடுத்தவன். அழுறான். நான் என்ன சொல்ல?”

“நல்லா ஓடுதெண்டு சொல்லு.”

“குறியை ஏன் அழிக்கிறியள்?”

“அது எங்கட வீட்டுச் சாமான் இல்ல.”

திரும்பப் பூட்டி உதைத்தார். ஒரே மிதியில் பிடித்தது. எஞ்சின் சூடேறி, பழையதைப் போல இதுவும் ஒருமுறை நின்றுபோகட்டும் என்று நினைத்துக்கொண்டே பேசாலைப் பக்கம் ஓட்டினார். பேசாலை வந்தது, போனது. சைக்கிள் நிற்கவில்லை.