பூட்டுக்காரர் மகளின் இடக்கை

பூட்டு ரிப்பேர்க்காரரை வலக்கைக்காரர் ஆக்கியது அவருடைய நடு அத்தை. அத்தைமார் மூவரில் கை நீட்டுகிறவள் அவள்தான். சின்ன வயதில் இடக்கையால் எதைத் தொட்டாலும் மணிக்கட்டில் ஒன்று விழும். கை மாறியது. பேச்சு திக்க ஆரம்பித்ததும் அப்போதுதான். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

கடையில் ஆள் நின்றால் வலக்கையில் அரம் பிடிப்பார். பூட்டு அடம்பிடித்தால் முதுகைக் காட்டி உட்கார்ந்து இடக்கைக்கு மாற்றிக்கொள்வார். கோளாறு உடனே தட்டுப்படும். ஆனால் இடக்கையால் பிரித்ததை வலக்கையால் மாட்டும்போது சில சமயம் எல்லாம் தலைகீழாகிவிடும். தையல்காரி வீட்டுப் பூட்டு, திறக்கிற பக்கம் திருப்பினால் பூட்டிக்கொண்டது.

"அண்ணே, இனிமே கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே சாவி போடணும் போல" என்றாள் அவள். தெருவே சிரித்தது.

அவர் மகளுக்கும் இடக்கைதான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மனைவியின் அக்கா வந்து, குழந்தையின் இடக்கையைக் கைக்குட்டையால் சுற்றிக் கட்டிவிட்டாள். அவர் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்களேன், பார்க்கிற எனக்கே தலை சுத்துது" என்றாள் மனைவி. "இடக்கைக்காரங்களுக்கு மூளை ஜாஸ்தின்னு என் தம்பி சொல்றான்."

"அவன் எட்டாவதையே தாண்டலை. அவன் பேச்சைக் கேக்குறியா?" என்ற அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "இப்பவே திருப்பலேன்னா புத்தி கோணலாப் போயிடும், தம்பி. உங்களையும்தான் மாத்தினாங்க. என்ன குறைஞ்சு போச்சு?"

அந்தக் கேள்வி அவரை உலுக்கியது. மாற்றாமல் விட்டிருந்தால் தான் எப்படி இருந்திருப்போம் என்று எவரிடம் போய்க் கேட்பது? இந்தத் திக்கல் கையை மாற்றியதால் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா?

"எ... எனக்கே தெரியலை, அண்ணி."

குழந்தை மரத்துண்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். "அடுத்து எதுடா கண்ணு?" என்றார். அவள் கட்டிய கையைப் பார்த்தாள். கை அசைந்தது, நின்றது. முகத்தில் இருந்த ஏதோ ஒன்றும் அதோடு நின்றுபோனது.

அவர் குனிந்து கைக்குட்டையை அவிழ்த்தார்.

"நாளைக்கு வாத்தியார் திட்டுவார்" என்றாள் அக்கா.

"திட்டட்டும். பெரியவளாகி அவளே என்னைத் திட்டினாலும் திட்டட்டும்."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "போய்க் கூப்பிடுங்க" என்று மனைவி விரட்ட, அவர் பின்னாலேயே ஓடினார். செய்தது சரியா என்று வழியெல்லாம் மனம் அரித்தது. அண்ணியைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தார். கைக்குட்டையை அவள் கேட்டபோது மட்டும், காணவில்லை என்று சொல்லிவிட்டார்.